மெட்ரோ ‘வாக்கபிள்’ என்று சொன்னால்: வடசென்னையில் வீடு தேடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வடசென்னையில் வாடகை வீடு தேடக் கிளம்பினால் முதல் நாளே காதில் விழும் சொல் ‘வாக்கபிள்’. “சார், மெட்ரோ வாக்கபிள்தான்” என்பார் புரோக்கர். “ஸ்கூல், மார்க்கெட், ஸ்டான்லி ஆஸ்பத்திரி எல்லாம் வாக்கபிள் டிஸ்டன்ஸ்மா” என்பார் வீட்டுக்கார அம்மா. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சொல்வது தூரத்தை மட்டும்தான். வண்டி இல்லாமல் போய்விடலாம், அவ்வளவுதான் அதன் பொருள்.

நகரத் திட்டமிடுபவர்கள் இதே சொல்லை ஒரு முழு ஊரைக் குறித்துச் சொல்வார்கள். அங்கே அது இன்னும் பெரிய விஷயம். நடந்துபோய் முடிக்கிற மாதிரி வேலைகள் பக்கத்தில் இருக்க வேண்டும். போகிற வழியில் உயிருக்குப் பயம் கூடாது. மே மாத வெயிலிலும் நவம்பர் மழையிலும் கால் வைக்க முடிய வேண்டும். சின்னப் பிள்ளையும் வயதானவர்களும் தனியாகப் போய்வர முடிய வேண்டும். இதெல்லாம் இருந்தால்தான் அது நடக்கத் தோதான ஊர்.

வடசென்னையைப் பற்றி என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாம் பக்கத்தில் இருப்பது என்ற ஒரு விஷயத்தில், நகரத்தின் பல வசதியான பகுதிகளைவிட இங்குள்ள பழைய பேட்டைகள் மேல். ஆனால் அந்தப் ‘பக்கத்துக்கு’ப் போகும் வழி தெருவுக்குத் தெரு மாறும். ஒரே வாடகைக்கு இரண்டு வீடு கிடைக்கும். ஒன்றிலிருந்து பாட்டி தனியாகக் கோயிலுக்குப் போய் வருவார், இன்னொன்றிலிருந்து நீங்களே ஆட்டோ பிடிப்பீர்கள். ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், நிமிடக் கணக்கைச் சரிபாருங்கள்

“அஞ்சு நிமிஷம்தான்” என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் அது பைக் நிமிடம். தடையில்லாத வழியில் ஆரோக்கியமான ஒருவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 மீட்டர் நடப்பார். அதாவது ஐந்து நிமிடத்துக்கு 400 மீட்டர், பத்து நிமிடத்துக்கு 800 மீட்டர். கையில் குழந்தையோ காய்கறிப் பையோ இருந்தால், கூட முட்டிவலி உள்ள அம்மா வந்தால், இந்த நிமிடக் கணக்கோடு இன்னும் பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன் மேப்பில் பார்க்கும்போது நடந்துபோகும் வழியைத் தனியாகத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். கார் வழிக்கும் அதற்கும் இங்கே நிறைய வித்தியாசம் வரும். ஒருவழிப் பாதையால் கார் சுற்றிப்போகும் இடத்தில் நீங்கள் ஒரு சந்தில் புகுந்து போய்விடலாம். அந்தச் சந்துகள் எல்லாம் மேப்பில் இருக்காது, அக்கம்பக்கத்தாரைத்தான் கேட்க வேண்டும். வழி கேட்டால் தெருப் பெயரைவிட அடையாளத்தைத்தான் சொல்வார்கள். எப்போதோ மூடிப்போன தியேட்டரின் பெயர்கூட இன்னும் பஸ் ஸ்டாப் பெயராக வாயில் புழங்கும். “தியேட்டர் எங்கே இருக்கு?” என்று தேடாதீர்கள், “அந்த ஸ்டாப்பிங் எது?” என்று கேளுங்கள்.

தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம்?

இதை ஒரு தனிப் படியாகச் சொல்லக் காரணம், வெளியூரிலிருந்து வருபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

வடசென்னையைத் தண்டவாளங்களும் கால்வாய்களும் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கின்றன. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் கிளம்பியது ராயபுரத்திலிருந்துதான். அதற்குப் பிறகு வந்த பாதைகள் பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர் என்று ஒரு பக்கமும், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று இன்னொரு பக்கமும் போகின்றன. துறைமுகத்துக்குப் போகும் சரக்குப் பாதைகள் வேறு. இவற்றுக்கு நடுவே பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா என்கிற ஓடை, கேப்டன் காட்டன் கால்வாய். மேப்பில் விரல் நுனி அளவு தள்ளி இருக்கும் பள்ளிக்கூடம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தால், அது பக்கத்தில் இல்லை.

ஆகவே வீட்டுக்கும் நீங்கள் தினமும் போகும் இடத்துக்கும் நடுவே ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அது தண்டவாளத்தைக் கடக்கிறதா? கடந்தால் எப்படிக் கடப்பது: கேட்டா, சப்வேயா, நடைமேம்பாலமா? கேட் என்றால் அங்கே போய் நின்று பாருங்கள். கொருக்குப்பேட்டை கேட்டைப் பற்றி அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டால் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். மின்சார ரயில் போகும், பின்னாலேயே சரக்கு ரயில் வரும், கேட் மூடியே கிடக்கும். காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கே காத்திருப்பதைப் பார்த்தால், மேப் காட்டிய நிமிடத்துக்கு என்ன மதிப்பு என்று புரிந்துவிடும்.

சப்வே என்றால் மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று கேளுங்கள். வியாசர்பாடி கணேசபுரம் சப்வேயில் பெரிய மழைக்குத் தண்ணீர் நிற்பது ஊரறிந்த செய்தி.

சிலர் நேராகத் தண்டவாளத்தைத் தாண்டிப் போவார்கள், “எல்லாரும் இப்படித்தான் போறோம்” என்றும் சொல்வார்கள். தயவுசெய்து அந்த வழியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி அது குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு பாதையில் ரயில் போகும் இரைச்சலில் பக்கத்துப் பாதையில் வரும் ரயிலின் சத்தம் கேட்பதில்லை. பிள்ளைகள் உள்ள வீடு என்றால், தண்டவாளம் தாண்டாமல் பள்ளிக்குப் போக முடிகிற வீட்டையே பாருங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

எதெல்லாம் நடக்கிற தூரத்தில் வேண்டும்?

ஒரு தாளில் எழுதுங்கள். பால் பூத், மளிகைக் கடை, காய்கறி மார்க்கெட், ரேஷன் கடை, மருந்துக் கடை, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப், ரயில் அல்லது மெட்ரோ, கோயிலோ மசூதியோ தேவாலயமோ, ஒரு டீக்கடை. இவற்றில் தினமும் போவது எது, வாரத்துக்கு ஒருமுறை போவது எது என்று குறியுங்கள். தினமும் போகும் இடங்கள் 400 மீட்டருக்குள் இருந்தால் நல்ல வீடு. மெட்ரோவும் மின்சார ரயிலும் 800 மீட்டர் வரை இருக்கலாம்.

இந்தப் பட்டியலைப் பழைய வண்ணாரப்பேட்டையிலோ ராயபுரத்திலோ வைத்துப் பார்த்தால் முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடும். அதற்குக் காரணம் உண்டு. துறைமுகக் கூலிகள், ரயில்வே தொழிலாளர்கள், பின்னி துணி மில்காரர்கள் என்று வேலைக்கு நடந்து போனவர்கள் குடியேறிய பகுதிகள் இவை. ஷிப்டுக்கு நேரத்தோடு போய்ச் சேரும் தூரத்தில்தான் வீடு எடுத்தார்கள். அவர்களுக்காகக் கடைகளும் தெருவுக்குள்ளேயே வந்தன. பின்னி மில் 1990-களில் மூடப்பட்டுவிட்டது, ஆனால் அதைச் சுற்றி வளர்ந்த தெருக்களின் அமைப்பு அப்படியே இருக்கிறது.

காலை ஆறரை மணிக்கு இப்படி ஒரு தெருவில் நின்று பாருங்கள். ஒரு வீட்டு வாசலில் ஒரு அக்கா அடுப்பை மூட்டி இட்லி ஊற்றிக்கொண்டிருப்பார், பக்கத்தில் எவர்சில்வர் தூக்கோடு இரண்டு பேர் நிற்பார்கள். அடி பம்பில் ஒரு குடம் நிரம்பும் வரை இரண்டு வீட்டுச் செய்தி கைமாறும். காசிமேட்டிலிருந்து அலுமினிய அன்னக்கூடையில் மீன் எடுத்து வரும் ஆயா, யார் வீட்டில் என்ன மீன் வாங்குவார்கள் என்று தெரிந்து அந்தந்த வாசலில் மட்டும் குரல் கொடுப்பார். துணி எடுக்க எம்.சி. ரோடு, மாலையில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட வண்டிக் கடை. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோவும் மொயிங்காவும் வடசென்னையில் சர்வ சாதாரணம். இவ்வளவும் காலால் போய்வரும் தூரத்தில் இருப்பது பெரிய கொடுப்பினை. கேட்டட் கம்யூனிட்டியில் பால் பாக்கெட்டுக்குக்கூட ஆப்பைத் திறக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு, அதனால் சொல்கிறேன்.

தெருவில் இப்படி ஆட்கள் இருப்பது பாதுகாப்பும்கூட. இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வரும் பெண்ணுக்கு, திறந்திருக்கும் ஒரு இஸ்திரிக் கடையும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பாட்டிகளும் பெரிய தைரியம். வடசென்னை என்றாலே முகம் சுளிப்பவர்கள் இதைப் பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பெரிய ரோட்டைக் கடப்பது

இங்கேதான் கவனம் அதிகம் வேண்டும். தெருவுக்குள் இருக்கும் நிம்மதி டி.எச். ரோடு (திருவொற்றியூர் நெடுஞ்சாலை), எண்ணூர் நெடுஞ்சாலை, மணலி சாலை போன்ற இடங்களுக்கு வந்தவுடன் போய்விடும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இந்த வழிகளில்தான் ஓடுகின்றன. மெட்ரோ ஸ்டேஷன் கண்ணுக்கு எதிரே இருந்தாலும் நடுவில் இந்த ரோடு இருந்தால் அதைத் தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சிக்னல் இருக்கிறதா, மீடியனில் நிற்க இடம் இருக்கிறதா, இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே மூச்சில் கடக்க வேண்டுமா? காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை, இரவு எட்டரைக்கு ஒருமுறை நின்று பாருங்கள். உங்கள் வீட்டில் மெதுவாக நடப்பவர் யாரோ அவர் வேகத்தில் கணக்குப் போடுங்கள். சில மெட்ரோ நிலையங்களில் ரோட்டின் இரண்டு பக்கமும் வாசல் உண்டு. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான பாதை 2021 பிப்ரவரியில் திறந்தது. அதில் தண்டையார்பேட்டை வரை சுரங்கம், புது வண்ணாரப்பேட்டையிலிருந்து மேலே தூண் பாதை. எந்த வாசல் உங்கள் பக்கம் இருக்கிறது, அது எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்று நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கன்டெய்னர் லாரியைப் பற்றி ஒன்றைப் புதிதாக வரும் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பேன். நீளமான லாரி திரும்பும்போது முன்பகுதி அகலமாக வெளியே போகும், பின்சக்கரங்கள் உள்பக்கமாக மூலையை ஒட்டி அறுத்துக்கொண்டு வரும். நாம் ரோட்டைக் கடக்க நிற்பது அந்த மூலையில்தான். முன்பகுதி தாண்டிப் போய்விட்டது என்று அடி எடுத்து வைத்தால் பின்சக்கரம் நம் காலடிக்கு வரும். லாரி திரும்புகிறது என்று தெரிந்தால் மூலையிலிருந்து நாலைந்து அடி பின்னால் தள்ளி நில்லுங்கள். டிரைவருக்கு இடதுபக்கம் அடியில் நிற்பவர் தெரிவதே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பிள்ளைகளுக்கு இதைப் பேச்சாகச் சொன்னால் போதாது, பாதுகாப்பான தள்ளிய இடத்தில் நின்று ஒரு லாரி திரும்புவதைக் காட்டுங்கள். ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டார்கள்.

நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக, வண்டிகள் எதிரே வருவதைப் பார்த்தபடி நடங்கள். முதுகுக்குப் பின்னால் வரும் வண்டியைவிட கண்ணுக்கு முன் வரும் வண்டி மேல்.

நடைபாதையை எப்படிப் பார்ப்பது?

சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலை காங்கிரஸின் விதிமுறைப்படி குடியிருப்புப் பகுதியில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும், கடைத்தெருவில் 2.5 மீட்டர். இரண்டு பேர் பக்கவாட்டில் பேசிக்கொண்டு போக, எதிரே ஒருவர் இடிக்காமல் வர முடிகிறதா என்று பாருங்கள், டேப் தேவையில்லை. நடைபாதையின் உயரமும் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. முழங்கால் வரை உயர்த்திக் கட்டியிருந்தால் பெரியவர்கள் ஏறவே மாட்டார்கள், ரோட்டில் இறங்கித்தான் நடப்பார்கள்.

அப்புறம், நடைபாதையின் மேல் என்ன இருக்கிறது? மின்வாரியப் பெட்டி, டிரான்ஸ்பார்மர், நிறுத்தி வைத்த பைக்குகள், திறந்து கிடக்கும் மழைநீர் வடிகால் மூடி. சென்னை மாநகராட்சி 2014-இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது, இந்திய நகரங்களில் அதுதான் முன்னோடி. தியாகராய நகர் பாண்டி பஜாரில் அதன் பலனைக் கண்ணால் பார்க்கலாம். அதே அகலமும் நிழலும் டி.எச். ரோட்டுக்கும் வர வேண்டும். நடந்து போகிறவர்கள் இங்கேதான் அதிகம்.

குறுகிய தெருக்களில் நடைபாதை இருக்காது. அதற்காக அந்த வீட்டை ஒதுக்கிவிடாதீர்கள். தெரு முழுவதுமே நடப்பவர்கள் கையில் இருக்கும் இடத்தில் வண்டி தானாக மெதுவாகும். பைக்குகள் குறுக்குவழியாகப் பாயும் சந்தா, அந்தத் தெருக்காரர்கள் மட்டும் வரும் சந்தா என்று பத்து நிமிடம் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். சௌகார்பேட்டை, மண்ணடி பக்கம் மட்டும் கதை வேறு. எல்லாம் பக்கத்தில்தான், ஆனால் பகல் முழுக்கச் சரக்கு இறங்கிக்கொண்டே இருக்கும், மீன்பாடி வண்டிக்கும் கைவண்டிக்கும் நடுவே ஒதுங்கி ஒதுங்கித்தான் போக வேண்டும்.

வெயில், மழை, இருட்டு

வீடு பார்க்க எல்லாரும் ஞாயிறு காலையில் போவார்கள். அன்றைக்கு எந்தத் தெருவும் நன்றாகத்தான் இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை போங்கள். மரம் குறைவான பகுதிகள் இவை, ரயில் பெட்டித் தொழிற்சாலையின் ஐ.சி.எப். காலனி மாதிரி நிழல் தரும் சாலைகள் குறைச்சல். ஆனால் குறுகிய தெருவில் வீடுகளின் நிழலே தரையில் விழும். கடலோரத் தெருக்களில் மதியத்துக்கு மேல் காற்றும் வரும்.

மழைக்குச் சுவரைப் பாருங்கள். தண்ணீர் நின்ற தெருவில் சுண்ணாம்பு உப்பிய கோடு ஒரே மட்டத்தில் வீட்டுக்கு வீடு ஓடும். வாசற்படி புதிதாக உயர்த்திக் கட்டியிருந்தால் அதற்கும் காரணம் உண்டு. ஓனரைவிட எதிர்வீட்டு மளிகைக்காரர் உண்மையைச் சொல்வார்: எத்தனை நாள் நின்றது, எது வரை வந்தது என்று கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இருக்கும், அந்த மூன்று மாதத்துக்கு வேறு வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நடப்பது என்றால் மூச்சும் சேர்ந்ததுதான். ஆலைகள் நிறைந்த மணலியிலோ கொடுங்கையூர் குப்பைக்கிடங்கு பக்கமோ வீடு பார்த்தால் ஒரு நாள் மாலை அங்கே அரை மணி நேரம் நடந்து பாருங்கள். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இருட்டிய பிறகு ஸ்டேஷனிலிருந்து வீடு வரை ஒருமுறை நடந்து, எத்தனை விளக்கு எரியவில்லை என்று பாருங்கள். கொசுறாக நாய்களின் எண்ணிக்கையும் தெரியும்.

எந்தப் பகுதி யாருக்கு?

புதிதாகத் திருமணமாகி, ஒருவர் அண்ணா சாலைப் பக்கம் வேலைக்குப் போவதாக இருந்தால் பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டையில் மெட்ரோவை ஒட்டிய உள்தெருக்கள். பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்த குடும்பம் என்றால் பெரம்பூர் நல்லது. மின்சார ரயில், பஸ், பள்ளிகள், மார்க்கெட் எல்லாம் அடுத்தடுத்து. மாதவரம் பால்பண்ணையிலிருந்து வரும் இரண்டாம் கட்ட மெட்ரோவும் அந்தப் பக்கம்தான். வேலை நடக்கும் இடங்களில் தடுப்பு போட்டு வழியை மாற்றிவிடுவார்கள், அதனால் இன்றைய வழியை இன்றே நடந்து பாருங்கள். திருவொற்றியூரில் தேரடியைச் சுற்றிய தெருக்கள் நடப்பதற்கு அருமையானவை. பௌர்ணமிக்கு வடிவுடையம்மனைப் பார்க்க வரும் கூட்டத்தை மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

குடிவந்த பிறகு

வழியில் விளக்கு எரியவில்லை, வடிகால் மூடி உடைந்திருக்கிறது, நடைபாதை பெயர்ந்திருக்கிறது என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தெருப் பெயர், பக்கத்துக் கதவு எண், விளக்குக் கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதுவும் சொல்ல வேண்டும். “கோயில் பக்கத்துல” என்று மட்டும் சொன்னால் எந்தக் கோயில் என்று தேடி ஆள் திரும்பிப் போய்விடுவார். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். வேலை நடக்காவிட்டால் அதே எண்ணைச் சொல்லி மறுபடி கூப்பிடலாம், வார்டு கவுன்சிலர் அலுவலகத்திலும் அதைக் காட்டலாம். தெருவில் நான்கு வீட்டுக்காரர்கள் தனித்தனியாகப் போன் செய்தால் வேலை சீக்கிரம் நடக்கும். எதிர்வீட்டு மளிகைக்காரரிடம் சொல்லிவையுங்கள், மீதி மூன்று பேரை அவரே சேர்த்துவிடுவார்.